204-ஆம் எண் வீடு

1914 டிசம்பரில் லண்டனின் 'ஸ்ட்ராண்ட்' மாத இதழில் ஹென்றி டூட்னி ஒரு புதிர் போட்டார். பெல்ஜியத்தின் லூவேன் நகரில் ஒரு நீண்ட தெரு. ஒரு சாரி வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாகக் கதவு எண். அதில் குடியிருக்கும் ஒருவரின் வீட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள எண்களைக் கூட்டினாலும், அந்தப் பக்கம் உள்ள எண்களைக் கூட்டினாலும் ஒரே தொகை. அந்தச் சாரியில் இருப்பவை 50-க்கு மேல், 500-க்குள். அவர் வீட்டு எண் என்ன?

கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த பி.சி. மகலனோபிஸ், பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர், எண்களைப் போட்டுப் போட்டுப் பார்த்துச் சில நிமிடங்களில் விடையைப் பிடித்தார். பிறகு ராமானுஜனிடம் புதிரைப் படித்துக் காட்டினார். அந்த ஏப்ரலில்தான் இங்கிலாந்து வந்திருந்த ராமானுஜன், வாணலியில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே, எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். டூட்னி கேட்டது ஒரு விடை. ராமானுஜன் கொடுத்ததில் அந்த வகை விடைகள் அத்தனையும் இருந்தன.

அது எப்படி என்று பள்ளிக் கணக்கைக் கொண்டே பார்த்துவிடலாம். வீட்டு எண் 'க', மொத்த வீடுகள் 'வ' என்போம். 1 முதல் க–1 வரை கூட்டினால் க(க–1)/2. மறுபக்கமும் அதே தொகை. இரண்டையும் சேர்த்தால் க(க–1). நடுவில் உள்ள 'க'வையும் சேர்த்தால் க². இதுவே தெருவின் முழுத் தொகை, அது வ(வ+1)/2. ஆக,

க² = வ(வ+1)/2.

8 வீடுகள் உள்ள தெருவில் 6-ஆம் வீட்டைப் பாருங்கள். 1+2+3+4+5 = 15; 7+8 = 15. மொத்தம் 36, அதாவது 6².

இனிதான் அழகு. வ, வ+1 அடுத்தடுத்த எண்கள். இரண்டுக்கும் 1-ஐத் தவிரப் பொது வகுஎண் கிடையாது. இரண்டில் ஒன்று இரட்டைப்படை. அதைப் பாதியாக்கி மற்றதோடு பெருக்கினால் முழு வர்க்கம் வரவேண்டும். பொது வகுஎண் இல்லாததால் இரண்டும் தனித்தனியே வர்க்கமாக இருந்தாக வேண்டும். எனவே ஓர் எண் வர்க்கம். மற்றது ஒரு வர்க்கத்தின் இரு மடங்கு. இடையே வித்தியாசம் 1. 8 வீட்டுத் தெருவில் 9 = 3², 8 = 2×2². வர்க்கமூலங்களைப் பெருக்கினால் 3×2 = 6, அதே வீட்டு எண்.

இப்படிப்பட்ட ஜோடிகளைத் தேடி அலைய வேண்டாம். 1/1 என்ற பின்னத்தில் தொடங்குங்கள். மேலெண்ணோடு கீழெண்ணின் இரு மடங்கைக் கூட்டினால் புதிய மேலெண். மேலெண்ணையும் கீழெண்ணையும் கூட்டினால் புதிய கீழெண். 1/1, 3/2, 7/5, 17/12, 41/29... ஒவ்வொன்றிலும் மேலெண்ணின் வர்க்கமும் கீழெண்ணின் வர்க்கத்தின் இரு மடங்கும் நாம் தேடும் ஜோடி. இவையெல்லாம் 2-இன் வர்க்கமூலத்தை நெருங்கிக்கொண்டே போகும் பின்னங்கள். ராமானுஜன் சொன்ன தொடர் பின்னத்தின் வேலை இந்த வரிசையைப் பெற்றுத் தருவதுதான். (இதில் வரும் 17/12 நமக்குப் பழையது. பௌதாயனரின் சுல்ப சூத்திரம் 2-இன் வர்க்கமூலத்துக்குத் தரும் 1 + 1/3 + 1/12 – 1/408 என்ற கணக்கில் முதல் மூன்று உறுப்புகளைக் கூட்டினால் வருவது அதுவே.)

7/5-ஐ எடுத்தால் 49 வீடுகள், எண் 35. 50-க்கு மேல் என்ற நிபந்தனையில் மயிரிழையில் விழுந்துவிடுகிறது. டூட்னி அந்த எல்லையை எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்! 17/12-ஐ எடுத்தால் 17² = 289, 2×12² = 288. இரண்டில் சிறியதே வீடுகளின் எண்ணிக்கை: 288. வீட்டு எண் 17×12 = 204. அடுத்த 41/29 தரும் தெருவில் 1,681 வீடுகள் என்பதால் 500-க்குள் வேறு விடைக்கு இடமில்லை.

எண்களைப் போட்டுப் பார்த்து விடை காண்பதில் தவறே இல்லை. ஆனால் பிள்ளைகளுக்குப் புதிர் கொடுப்பவர்கள் விடை வந்ததும் தாளை மூடிவிட வேண்டாம்; இதற்கு அடுத்தது எது என்று ஒரு முறை கேளுங்கள். இந்தப் புதிரில் 1,681-க்கு அடுத்த தெருவை அவர்களே கண்டுபிடிக்கட்டும். சரிபார்க்க: 9,800 வீடுகள், கதவு எண் 6,930.