சாம்பாவும் பைலாவும்



ஏரலுக்குத் தெற்கே தேரி மணற்காட்டில் நிற்கும் கொல்லாமரத்தை நீங்கள் அறிவீர்கள். முந்திரி என்று நூல்கள் கூறும் அம்மரத்தின் தாயகம் தென்னமெரிக்காவிலுள்ள பிரேசில் நாடு. அதனை நம் நாட்டுக்குக் கொணர்ந்தவர் போர்த்துக்கீசியர். அவர்களுடைய கப்பல்கள் மரக்கன்றை மட்டும் சுமக்கவில்லை. அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்ட ஆப்பிரிக்க மக்களையும் சுமந்தன. அம்மக்களின் ஆடலும் பாடலும் பிரேசிலில் சாம்பா என வளர்ந்தன. நமக்கு எதிர்க்கரையான இலங்கையில் பைலா எனப் பெயர் பெற்றன.

இரண்டும் ஒன்றே என்று எண்ணிவிடாதீர்கள். பிரேசிலுக்குச் சென்றவருட் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் மேற்கு, நடுப் பகுதிகளைச் சேர்ந்தவர். இலங்கைக்கு வந்தோர் பெரும்பாலும் கிழக்குக் கரையினர். தாளமும் வேறு. சாம்பா இரண்டிரண்டாக அடிவைத்து நடப்பது. பைலா மும்மூன்றாகத் துள்ளுவது. பின்னது நம் திசிர நடைக்கு நெருங்கிய உறவு. ஒரே வரலாறு பெற்ற இரு வேறு பிள்ளைகள் என்பதே பொருந்தும்.

ரியோ நகரத்து எளிய மக்களின் இசையாக இருந்த சாம்பாவை முதலில் மேன்மக்கள் இகழ்ந்தனர். காவலர் அக்கூட்டங்களைக் கலைத்தனர். 1916-இல் டோங்கா என்பவர் ஒரு பாட்டைத் தேசிய நூலகத்தில் தம் பெயரால் பதிவு செய்தார். மறு ஆண்டில் அதன் இசைத்தட்டு நாடெங்கும் ஒலித்தது. பலர் கூடிப் பாடிய இல்லத்தில் பிறந்த பாட்டு ஒருவர்க்கே உரியதாகுமா என்ற பூசல் அன்றே எழுந்தது. 1963-இல் ஜோர்ஜ் பென் என்ற இளைஞர் தாமே பாடல் இயற்றித் தாமே பாடி முதல் நெடுந்தட்டினை வெளியிட்டார். அதன் முதற்பாட்டு, போர்த்துக்கீச மொழி அறியாதாரும் முணுமுணுக்கும் பாட்டாயிற்று.

இலங்கையிலோ, காப்பிரிகள் எனப்பட்ட ஆப்பிரிக்கரும் போர்த்துக்கீச வழித்தோன்றல்களும் ஆடிய காப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கு 1940-களில் சிங்களச் சொல் அமைத்துப் பரப்பியவர் வொலி பஸ்தியன். அவர் ஒரு காவல்துறை ஊழியர்! ரியோவில் காவலர் கலைத்ததை இங்கே ஒரு காவலர் வளர்த்தார். பைலாவில் போட்டிப் பாட்டும் உண்டு. கொடுத்த பொருளைப் பற்றி இருவர் எதிரெதிர் நின்று அப்போதைக்கப்போதே கட்டிப் பாடுவர். நம்மூர் லாவணியை ஒருகால் கேட்டவர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

1960-களில் இத்துள்ளல் தமிழிலும் புகுந்தது. நித்தி கனகரத்தினம் தாமே எழுதிப் பாடிய ‘சின்ன மாமியே’ ஈழத்துப் பொப்பிசைக்குக் கால்கோள் இட்டது. பின்னர் ஏ. இ. மனோகரன் பாடிய ‘சுராங்கனி’ கடல் கடந்து நம் தெருக்களுக்கு வந்தது. 1977-இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்ற திரைப்படத்திலும் இடம்பெற்றது. ஒரு பெண்ணுக்கு மீன் கொண்டுவந்த செய்தியே அப்பாட்டின் பொருள். மீன்கூடைகளை நாள்தோறும் காணும் நம்மவர்க்குச் சிங்களம் தெரியாமை ஒரு தடையாயிற்றா? இல்லை. இதனைக் கூச்சற்பாட்டு என்று ஒதுக்கும் பெரியோர் உளர். அவர் கருத்தை நான் ஏற்பதில்லை.

மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில், புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில், அந்த ஆப்பிரிக்கரின் வழியினர் சில குடும்பங்களாக வாழ்கின்றனர். தேங்காய்ச் சிரட்டையும் கரண்டியும் கண்ணாடிப் புட்டியும் அவர்தம் வாத்தியங்களுள் அடங்கும். ‘மாஞ்சா’ எனப்படும் அவர்கள் பாட்டு போர்த்துக்கீசக் கலப்பு மொழியில் அமைந்தது. அம்மொழியைப் பேச்சில் வழங்குவோர் அவர்களுள் அருகிவிட்டனர். இளையோர் முன்னோரின் சொற்களை, பொருள் முழுதும் விளங்காமலே, தாளம் தவறாது பாடுகின்றனர்.