துறைமுகத்தில் கிடக்கும் அநாதைப் படகுகள்



பால்மரக் காட்டிலும் செம்பனைத் தோட்டத்திலும் வாழும் நமக்குப் படகோடு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். மலாக்கா சின்னஞ்சிறிய மாநிலம். அலோர் காஜாவிலிருந்தோ ஜாசினிலிருந்தோ புறப்பட்டால் ஒரு மணி நேரத்திற்குள் கடலைக் கண்டுவிடலாம். சந்தையில் நாம் வாங்கும் கெம்போங் மீன் படகிலேதான் வருகிறது. விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துப் போவதும் கடற்கரைக்குத்தான். ஆகவே, இதுவும் நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தியே.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி மாணவர்களைக் கடலோரக் கிராமம் ஒன்றின் படகுத்துறைக்கு அழைத்துச் சென்றோம். அங்கே பழைய மரப்படகு ஒன்று சேற்றில் ஒருபக்கமாய்ச் சாய்ந்து கிடந்தது. நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் ஓடிப்போய் அதன்மேல் காலை வைத்தான். உளுத்த பலகை முறிந்தது. நல்ல வேளையாக அவன் கையைப் பிடித்துக்கொண்டோம்.

அருகில் வலை பின்னிக்கொண்டிருந்த முதிய மீனவர் சொன்னார்: "படகுக்காரர் இறந்துவிட்டார். பிள்ளைகள் வெளியூர்த் தொழிற்சாலையில் வேலை செய்கிறார்கள். இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. ஆனால் பிறர் பொருளில் நாங்கள் எப்படிக் கை வைப்பது?"

இந்தக் கேள்வியில்தான் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. கேட்பாரற்றுக் கிடந்தாலும் அந்தப் படகு இன்னும் ஒருவருடைய சொத்து.

படகை ஏன் கைவிடுகிறார்கள்? இயந்திரம் பழுதானால், அதைச் சரிசெய்யும் செலவு படகின் விலையையே மிஞ்சிவிடுவதுண்டு. உடைத்து அகற்றவும் பணம் வேண்டும். கண்ணாடியிழைப் படகோ மரத்தைப்போல் மக்காது. அதை எரித்தால் நச்சுப்புகை கிளம்பும். ஆகவே, கட்டிய கயிற்றோடு துறையிலேயே விட்டுவிடுகிறார்கள்.

இதனால் விளையும் தீமைகள் பல. இயந்திரத்திலுள்ள டீசலும் எண்ணெயும் கசிந்து, இறாலும் நண்டும் வளரும் சதுப்பு மரங்களின் வேர்களில் படிகின்றன. பேட்டரியில் ஈயமும் அமிலமும் உள்ளன. மூழ்கிய படகு நீரோட்டத்தைத் தடுப்பதால் அதைச் சுற்றி மணலும் சேறும் சேர்கின்றன. வண்டல் படிந்து ஆழம் குறைந்ததும் பழைய மலாக்காத் துறைமுகம் தன் பெருமையை இழந்ததற்கு ஒரு காரணம் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். இரவில் திரும்பும் சிறிய படகுகள் மூழ்கிய படகில் மோதினால் உயிருக்கே ஆபத்து.

கரையில் ஏற்றிவிடப்பட்ட படகில் மழைநீர் தேங்கும். கவிழ்க்காமல் விட்ட பால் மங்கில் கொசு முட்டையிடுவதைத் தோட்டத்தில் நாம் பார்த்திருக்கிறோம். அந்தப் படகும் ஒரு பெரிய மங்குதான். ஏடிஸ் கொசுவின் முட்டை ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிவிடும். டிங்கிக் காய்ச்சல் அக்கம்பக்கத்தில் பரவும். கொசுப் பெருக்கத்திற்கு இடமளிப்பதை நம் நாட்டின் 1975ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது.

இனி, அரசாங்கங்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். நம் நாட்டில் 1952ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் சிதைந்த கலங்களைப் பற்றிப் பேசுகிறது. 2007இல் நைரோபியில் உருவாகி 2015இல் நடைமுறைக்கு வந்த அனைத்துலக ஒப்பந்தத்திலும் மலேசியா சேர்ந்துள்ளது. அதன்படி, 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள், சிதைந்தால் அகற்றும் செலவுக்காகக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். ஆனால் மீனவரின் சிறு படகு அந்த அளவுக்குள் வராது. அதை அகற்றும் செலவு யார் தலையில் விழுவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சில நாடுகள் இதற்கு வழி கண்டுள்ளன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2002இல் ஒரு சட்டம் இயற்றி, படகுப் பதிவுக் கட்டணத்தின் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கியது. பிரான்சில் புதிய உல்லாசப் படகு விற்கும்போதே ஒரு தொகை பெறப்படுகிறது. 2019 முதல் அந்தப் பணத்தைக்கொண்டு பழைய படகுகளை இலவசமாகப் பிரித்தெடுக்கிறார்கள். நம் கடற்பகுதியில் அத்துமீறிப் பிடிபட்ட வெளிநாட்டு மீன்பிடிப் படகுகள் சில, மீன்கள் தங்கும் செயற்கைப் பாறைகளாகக் கடலில் இறக்கப்பட்டுள்ளன.

ஆனால் அகற்றுவதிலும் நீதி வேண்டும். இலங்கையின் வடகடலில் கைப்பற்றப்பட்ட தமிழ்நாட்டு மீனவர்களின் படகுகள் காரைநகர், காங்கேசன்துறை, தலைமன்னார் முதலிய துறைகளில் நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் நின்று சிதைந்தன. 2022 பிப்ரவரி 7 முதல் 11 வரை 105 படகுகளை ஏலம் விட இலங்கை அரசு அறிவித்தது. தமிழ்நாட்டு மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். துறைக்கு அது இடத்தை அடைக்கும் பழைய மரம். கடன் வாங்கிப் படகு கட்டிய குடும்பத்திற்கோ அதுவே வாழ்க்கை.

ஆகவேதான் முறையான வழியில் முதலில் பதிவு எண்ணைக்கொண்டு உரிமையாளரைத் தேடுகிறார்கள். அவருக்கு அறிவிப்புக் கொடுத்துத் தவணை தருகிறார்கள். பதில் வராவிட்டால்தான் படகை அகற்றுகிறார்கள். விற்க முடிந்தால், செலவு போக மீதியை உரியவருக்குச் சேர்ப்பதே நியாயம். உடைப்பதானால் எண்ணெயையும் பேட்டரியையும் முதலில் எடுத்துவிட வேண்டும்.

நாம் செய்யக்கூடியவையும் உண்டு. கைவிடப்பட்ட படகில் ஏற வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம். கேட்பாரில்லை என்று பலகையையோ இயந்திரத்தையோ கழற்றி வர வேண்டாம், அது திருட்டாகும். படகின் எண்ணையும் கிடக்கும் இடத்தையும் குறித்து, கடல்துறை அலுவலகத்திற்கோ மீன்வளத் துறை அலுவலகத்திற்கோ தெரிவிப்போம். சொந்தமாகச் சம்பான் வைத்திருப்போர், அது பயன்படாமற்போனால் துறையில் விட்டுவிடாமல், கரையேற்றி நீர் தேங்காதபடி கவிழ்த்து வைத்து, மேற்கொண்டு செய்ய வேண்டியதை அலுவலகத்தில் கேட்டறியலாம்.

அன்று ஊர் திரும்பும் வழியில் அந்த மாணவன், "ஐயா, அந்தப் படகுக்காரரின் பிள்ளைகளுக்கு யாராவது கடிதம் போட்டார்களா?" என்று கேட்டான். பெரியவர்களாகிய எங்களுக்கு அந்த யோசனை தோன்றவில்லை. மறுநாள் வகுப்பில் எல்லாரும் சேர்ந்து அந்தக் கடிதத்தை எழுதி, முதியவர் வழியாக அனுப்பி வைத்தோம்.