ஐவர்மலையும் கொல்லாமையும்

பழனிக்கு மேற்கே, மலைத்தொடரை அடுத்த சமவெளியில் தனித்து நிற்பது ஐவர்மலை. திருவயிரை என்பது அதன் பழம்பெயர். பாண்டவர் ஐவர் தங்கிய மலை என மக்கள் கூறுவர். ஆயினும் அங்குள்ள இயற்கைக் குகைத்தளத்தின் மேற்பாறையில் வரிசையாகக் காணப்படுவன சமணத் தீர்த்தங்கரரின் புடைப்புச் சிற்பங்களே. இரண்டாம் வரகுண பாண்டியன் காலத்தில், சக ஆண்டு 792இல் (கி.பி. 870) பொறிக்கப்பட்ட கல்வெட்டொன்றும் அங்கு உள்ளது. சாந்திவீரக் குரவர் என்பார் பார்சுவநாதர் உருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, 505 காணம் பொன் வைத்ததை அது தெரிவிக்கிறது. அப்பொன் படையலுக்கும் துறவி ஒருவரின் சோற்றுக்கும் உரியது. வரலாற்றாசிரியர் இக்கல்வெட்டை அதன் ஆண்டுக்குறிப்பிற்காகப் போற்றுவர். நாம் இங்குக் கருத வேண்டுவது அந்த ஒருவரின் சோறு.

துறவிக்குப் பிறர் ஏன் சோறிட வேண்டும்? நிலம், நீர், தீ, காற்று, மரம் செடி கொடி ஆகியனவும் ஓரறிவுடைய உயிர்களே என்பது சமணக் கொள்கை. ஆகவே துறவி தீ மூட்டார், இலையும் பறியார். அமருமுன் மயிற்பீலியால் இடத்தை மெல்லத் துடைப்பார்.

அவ்வாறாயின், அவருக்காக அடுப்பு மூட்டுவோர் கொலைப்பழியை ஏற்கின்றனரா? மாணவர்கள் இவ்வினாவை எழுப்புவது இயல்பே. சமண அறநூலார் இதற்கு விடை கண்டுள்ளனர். துறவியின் நோன்பு மாவிரதம்; இல்லறத்தாரின் நோன்பு அணுவிரதம். வேண்டுமென்றே கொல்லுதலை இல்லறத்தார் முற்றும் விலக்க வேண்டும். வீட்டுப்பணியிலும் தொழிலிலும் தற்காப்பிலும் நேரும் தீங்கை இயன்ற அளவு குறைத்தல் வேண்டும். செயலோடு எண்ணமும் எடையிடப்படுகிறது.

இக்குறைத்தலே அன்றாட ஒழுக்கமாயிற்று. விளக்கொளியை நாடிவரும் பூச்சிகள் உணவில் விழும் என்பதால் பொழுது சாயுமுன் உண்பர். கிழங்கைத் தோண்டினால் அதனைச் சார்ந்த எண்ணற்ற உயிர்கள் அழியும் என்று அதனை விலக்குவர். நீரைத் துணியால் வடிகட்டிப் பருகுவர். துணியில் தங்கிய சிற்றுயிர்களை, நீர் முகந்த கிணற்றிலேயே மீண்டும் விடுவர். வடிகட்டுதல் உடல்நலம் கருதியது மட்டுமன்று என்பது இதனாற் புலனாகும்.

உழவே இதில் கடினமான இடம். கொழுமுனை பட்டு மண்புழு மடிவதைத் தவிர்க்க இயலாது. குசராத்து, இராசத்தான் பகுதிச் சமணர் பெரும்பாலும் வணிகத்தை நாடியமைக்கு இதனை ஒரு காரணமாகக் கூறுவர். வந்தவாசி, செஞ்சி வட்டாரங்களில் வாழும் தமிழ்ச் சமணரோ தலைமுறை தலைமுறையாக உழவர்கள். ஏரைக் கைவிடாமலேயே, கதிரவன் மறையுமுன் உண்ணும் நோன்பையும் அவர்கள் காத்து வந்துள்ளனர்.