உஷார்! டேங்கின் அடியில் தண்ணீர் நிற்கலாம்

நெல்லியாளம், தேவாலா, சேரம்பாடிப் பக்கம் பழைய பெட்ரோல் டில்லரோ புல் வெட்டும் மிஷினோ வைத்திருக்கிறீர்களா? மழைக்கு முன்னால் ஊற்றிய பெட்ரோல் டேங்கிலேயே கிடக்கிறதா? ஸ்டார்ட்டர் கயிற்றில் கை வைக்காதீர்கள்!

இப்போது பங்க்கில் பெரும்பாலும் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கொடியில் போட்ட துணியே காயாத ஊர் இது. மூடி சரியாக உட்காராத பழைய டேங்க் மட்டும் தப்புமா? தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் அதுவும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். கார்புரேட்டருக்குப் போகும் ட்யூப் கிளம்புவதும் அடியிலிருந்துதான்.

டூ ஸ்ட்ரோக் என்றால் ஆபத்து இன்னும் பெரிது. கலந்து வைத்த ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். அடியில் இருக்கும் ஆயில் இல்லாத கலவையில் வண்டி தப்பித்தவறி ஓடினால், பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும்.

சோதிப்பது சுலபம். என்ஜின் ஆறியிருக்க வேண்டும், வண்டி வெளியே நிற்க வேண்டும். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டுங்கள். நடுவில் கோடு போட்டாற்போல இரண்டு அடுக்கு தெரிந்தால் டேங்க் முழுவதையும் காலி செய்தே ஆக வேண்டும். பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி வந்தால் உள்ளே உலோகம் அரித்திருக்கிறது. ஜெட்டையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பழைய ரப்பர் ட்யூபை விரலால் அழுத்திப் பாருங்கள். உப்பியோ பிசுபிசுத்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள், பத்து நிமிட வேலை.

கொஞ்ச நேரம் ஓடி அணைகிறதா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்று ஓட்டை அடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

செய்யவே கூடாதவை: பெட்ரோலை வாயால் உறிஞ்சி எடுக்காதீர்கள், நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றிக் கயிறு இழுக்காதீர்கள், முகத்தில் தீப்பிடிக்கும். குளிர்தானே என்று அடுப்புள்ள கொட்டகையில் வைத்து வேலை பார்க்காதீர்கள். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் பெட்ரோல் ஆவியில் தீப்பற்றும். வடித்ததை ஓடையில் ஊற்றாதீர்கள், கீழே குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி மழைக்கு நிறுத்தும்போது டேங்கை வடித்துவிட்டு, வண்டி தானாக அணையும்வரை ஓடவிடுங்கள்.