கருவில் எழுதிய கையெழுத்து

வீடு விற்கப் போகிறவர் எத்தனை பட்டம் பெற்றவராக இருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுத் திரும்ப முடியாது. விரல் ரேகையும் வைத்தாக வேண்டும். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் 2001-இல் சேர்க்கப்பட்ட 32ஏ பிரிவு அப்படிச் சொல்கிறது. வீடு, மனை கைமாறும்போது வாங்குபவர், விற்பவர் இருவரின் புகைப்படமும் ரேகையும் பத்திரத்தில் இடம்பெற வேண்டும். பேராசிரியரையும் பள்ளிக்கூடமே பார்க்காதவரையும் சட்டம் ஒரே மாதிரி நடத்தும் இடங்களில் இதுவும் ஒன்று. ஒரு பெருவிரலின் மேல் சட்டத்துக்கு ஏன் இத்தனை நம்பிக்கை?

விடை தாயின் வயிற்றில் தொடங்குகிறது. கர்ப்பத்தின் மூன்றாம் நான்காம் மாதங்களில், சிசுவின் விரல் நுனிகளில் சிறு புடைப்புகள் இருக்கும்போதே ரேகை மேடுகள் உருவாகத் தொடங்குகின்றன. புடைப்பின் நடுவிலிருந்தும், நகத்தை ஒட்டிய நுனியிலிருந்தும், மூட்டு மடிப்பின் அருகிலிருந்தும் அவை அலை அலையாகப் பரவுகின்றன. எந்த அலை எப்போது கிளம்பி எங்கே மற்றொன்றைச் சந்திக்கிறது என்பதைப் பொறுத்துச் சுழியோ வளையமோ வில்லோ அமைகிறது. மேடு எழத் தூண்டும் மூலக்கூறுகளுக்கும் அதைத் தடுக்கும் மூலக்கூறுகளுக்கும் நடக்கும் போட்டியே இந்த வரிகளை வகுக்கிறது என்று எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் விளக்கினார்கள். உயிரினங்களின் உடலில் கோலங்கள் பிறப்பதற்குக் கணித அறிஞர் ஆலன் டூரிங் 1952-இல் தந்த கணிதமும் இதே போட்டியைத்தான் பேசுகிறது.

பொதுவான வடிவத்தில் பெற்றோர் தந்த மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஒரு கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற நுணுக்கங்களில் தற்செயலும் கலந்துவிடுகிறது. அதனால்தான் ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையரின் ரேகைகள்கூட வேறுபடுகின்றன. அந்தக் கோலத்தின் அச்சு மேல்தோலின் அடிப்பகுதியில், உள்தோலைத் தொடும் இடத்தில் இருக்கிறது. மேலே சிராய்த்தால் அதே கோலம் திரும்ப முளைக்கும். உள்தோல் வரை காயம் ஆழமானால் தழும்பு நிலைக்கும்.

விரல் ரேகை என்றதும் திருடனைப் பிடிக்கும் போலீஸ் நினைவுக்கு வருகிறது. ஆனால் இந்தியாவில் அது அரசாங்கக் காகிதங்களுக்குள் நுழைந்தது ஓர் ஒப்பந்தத்தின் வழியே. 1858-இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலைக்குச் சரளை தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத் தாளின் பின்புறம் பதியவைத்தார். பின்னால் ஹூக்ளியில் பத்திரப் பதிவுக்கும் ஓய்வூதியத்துக்கும் ரேகையைப் பயன்படுத்தினார். 1897-இல் கல்கத்தாவில் ரேகைப் பிரிவு தொடங்கியது. அங்கே ரேகைகளை வகைப்படுத்தும் முறை உருவாக அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்தியர்கள் உழைத்தார்கள். உலகம் அதை மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரால் அழைக்கிறது. 1899-இல் ரேகை நிபுணரின் கருத்து இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இடம்பெற்றது. அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்திலும் அது தொடர்கிறது.

நிபுணர் ஒப்பிடுவது ரேகைக் கோடுகளின் முடிவுகளையும் கிளைகளையும்தான். மை அதிகமாகி அப்பிக்கொண்ட பெருவிரல் பதிவில் அவை தெரிவதில்லை. வயதாக ஆக மேடுகள் தேய்கின்றன. சிமெண்டின் காரம் கொத்தனாரின் விரலை அரிக்கிறது. ரேஷன் கடைக் கருவி ஒரு பாட்டியின் விரலை ஏற்க மறுத்தால் அவர் வேறு ஆள் என்று அர்த்தமில்லை. வாழ்நாள் உழைப்பு அவர் தோலைத் தேய்த்துவிட்டது, அவ்வளவுதான்.

இவற்றைவிடப் பெரிய எல்லை ஒன்று உண்டு. பதித்த விரல் யாருடையது என்பதை ரேகை சொல்லும். அவர் அதைப் புரிந்துகொண்டு பதித்தாரா என்பதை அது சொல்லாது. எழுதத் தெரியாதவர் வைக்கும் அடையாளம் கையெழுத்துக்குச் சமம் என்கிறது 1897-ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டம். அதே சமயம், எழுத்தறிவில்லாத முதியவரின் சொத்தைத் தன் பெயருக்கு எழுதி வாங்கியவரே, பத்திரத்தைப் படித்துக்காட்டி விளக்கியதை நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் பல வழக்குகளில் வற்புறுத்தியிருக்கின்றன. அந்தப் பாதுகாப்பு கைக்கு வருவதற்குள் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கலாம். நிரப்பாத புரோநோட்டிலும் வெற்று முத்திரைத்தாளிலும் வைத்த ரேகை, பின்னால் யார் என்ன எழுதினாலும் உங்களுடையதாகவே நிற்கும். சம்பளப் பட்டியலில் வாங்காத தொகைக்கு எதிரே வைத்த ரேகையும் அப்படித்தான்.

ஆகவே பெருவிரலை மையில் வைக்கும் முன், உங்களுக்கு நெருக்கமான ஒருவரை ஆவணம் முழுவதையும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். காலி இடங்களைக் கோடு போட்டு அடைத்துவிடுங்கள். நகல் கேட்டு வாங்குங்கள். சந்தேகம் வந்தால் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணை அழையுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞரைத் தருகிறது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். அது உங்கள் உரிமை; கேட்டுப் பெறுங்கள்.