குளிர்காலத்தில் துப்பாக்கிக் கட்டைக்கு எண்ணெய் பூசுதல்

துப்பாக்கியின் மரப்பகுதிக்குக் காஷ்மீரத்து அக்ரூட் மரம் பெயர் பெற்றது. அது உறுதியுடையது, அதிர்ச்சியைத் தாங்க வல்லது. ஈரத்தால் அம்மரம் உப்பிக் கோணாதிருக்க ஆளிவிதை எண்ணெய் பூசுவது நெடுநாளைய வழக்கம். மலைப்பகுதிகளில் பணியாற்றும் வனத்துறையினர் குளிர்காலத்தில் இதனைச் செய்யும்போது, நாட்கள் பல கழிந்தும் பிசுபிசுப்பு நீங்காதிருப்பதைக் காண்பர். இதற்குக் காரணம் யாது?

இவ்வெண்ணெய், நீரைப்போல் ஆவியாகி உலர்வதன்று. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டிப் படலமாகின்றன. ஆதலின் உலரத் தொடங்கும்போது அதன் எடை சற்றுக் கூடுகிறது. கண்ணாடித் தகட்டில் எண்ணெயை மெல்லப் பூசி, நுண்தராசில் நாள்தோறும் நிறுத்து, ஆசிரியர்கள் இதனை மாணவர்க்குக் காட்டலாம்.

உஷ்ணநிலை 10 டிகிரி சென்டிகிரேடு குறைந்தால் இத்தகைய இரசாயன வினையின் வேகம் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. இதன்படி, 25 டிகிரியில் ஒரு நாளில் உலரும் பூச்சு 5 டிகிரியில் நான்கு நாட்கள் பிடிக்கும். உலரவில்லையென்று மேலும் எண்ணெய் பூசுதல் கூடாது. கனத்த பூச்சின் மேற்புறம் ஆடைகட்டிவிடும். காற்றுப் புகாமையால் அடிப்புறம் பச்சையாகவே நிற்கும்.

பூசும் முறை பின்வருமாறு: துப்பாக்கியில் தோட்டா இல்லையென உறுதி செய்துகொண்டு கட்டையைத் தனியே கழற்றுக. விசைப்பகுதியில் எண்ணெய் கசிந்தால் அங்கும் இறுகி இயக்கத்தைத் தடுக்கும். கட்டையை ஒரு நாள் கதகதப்பான அறையில் வைத்திருந்து, படிந்த ஈரம் போனபின் பூசுக. எண்ணெய்ப் புட்டியை வெந்நீரில் வைத்துச் சூடேற்றுக. நேரே தீயில் காட்டலாகாது. மெல்லத் தேய்த்து, கால்மணி நேரம் கழித்து மிகுந்த எண்ணெயைத் துடைத்தெடுக்க. காற்றோட்டமும் வெளிச்சமும் உள்ள இடத்தில் தொங்கவிடுக. விரலில் ஒட்டாத நிலை வந்த பின்னரே அடுத்த பூச்சு. அடுப்பருகில் வைத்து அவசரமாக உலர்த்தினால் மரம் வெடிக்கும்.

துடைத்த துணிகளைப் பற்றி மிகுந்த எச்சரிக்கை தேவை. எண்ணெய் உலரும்போது வெப்பம் பிறக்கிறது. கட்டையின் மெல்லிய பூச்சில் அது காற்றோடு போய்விடும். கசக்கிக் குவித்த துணியிலோ வெளியேற வழியின்றிப் பெருகும். தீக்குச்சி கிழிக்காமலே அத்துணி பற்றிக்கொள்ளக்கூடும். குளிருக்கஞ்சிக் கதவடைத்த வெப்பமான அறையில் இவ்வபாயம் அதிகம். ஆகவே வேலை முடிந்தவுடன் துணிகளை வெளியே விரித்து உலர்த்துக. அன்றேல் நீர் நிறைந்த தகரப் பாத்திரத்தில் அமிழ்த்தி மூடிவைக்க.