துயர் கடந்தோரின் துள்ளிசை

யாழ்ப்பாணத்துக் கலியாண வீடொன்றிலே நாதசுர இசை ஓய்ந்து, பந்தியும் முடிந்து, உறவினர் ஆறியமர்ந்திருக்கும் வேளையில் ஒலிபெருக்கியிலே “சின்ன மாமியே” என்ற பாட்டு எழுமாயின், அங்கே நிகழும் மாற்றத்தை நேயர்கள் பலரும் கண்டிருப்பர். அதுவரை கண்ணயர்ந்திருந்த முதியவரின் விரல்கள் நாற்காலிக் கையிலே தாளமிடத் தொடங்கும். சிறுவர் முற்றத்திலே குதிப்பர். “இதுவும் ஒரு பாட்டோ!” என்று முகஞ்சுழிப்பவர்கூடத் தம் புன்னகையை மறைக்கப் பெரிதும் பாடுபடுவர்.

அத்தகைய வேளையொன்றிலே, உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவன் எம்மை நோக்கி, “ஐயா, அழவைக்கிற பாட்டு உயர்ந்தது, ஆடவைக்கிற பாட்டுத் தாழ்ந்தது என்கிறார்களே, அது ஏன்?” என்று வினவினான். எமக்கு உடனே விடை கூற இயலவில்லை. விடை தேடிப் புறப்பட்ட நாம், உரும்பிராயிலே தொடங்கி, ஈற்றில் ஜமேக்காத் தீவிலே போய் நின்றோம். அவ்வழியிற் கேட்டு மகிழ்ந்தவற்றுட் சிலவற்றை நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம் வீட்டுத் துள்ளிசை

“சின்ன மாமியே” என்ற பாட்டைப் பாடிய நித்தி கனகரத்தினம் உரும்பிராயைச் சேர்ந்தவர். 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் இலங்கைத் தமிழரிடையே பரவிய பொப்பிசைக்கு முன்னோடியாக விளங்கியவர் இவரே. கையிலே ஒரு கிற்றார், வாயிலே எமது ஊர்ப் பேச்சுத் தமிழ், நெஞ்சிலே குறும்பு. இவையே அவர்தம் முதல். “கள்ளுக்கடைப் பக்கம் போகாதே” என்ற பாட்டிலே அவர் கூறுவது எமது பாட்டன்மார் கூறிய அறிவுரையேயாம். ஆயினும் பாட்டன்மார் கூறியபோது எழுந்து சென்ற இளைஞர், இவர் பாடியபோது இருந்து கேட்டனர்.

இவரைப்போலவே புகழ்பெற்றவர், பொப்பிசைச் சக்கரவர்த்தி என அழைக்கப்பெற்ற ஏ. ஈ. மனோகரன் அவர்கள். சிங்களமும் தமிழும் கைகோத்து வரும் “சுராங்கனி” என்ற பாட்டை அவர் கடல் கடந்தும் கொண்டு சென்றார். 1977ஆம் ஆண்டில் இளையராஜா இசையமைத்த “அவர் எனக்கே சொந்தம்” என்ற திரைப்படத்திலும் அப்பாட்டு இடம்பெற்றது. மனோகரன் 2018ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் சென்னையிற் காலமானார்.

இப்பாட்டுகளின் துள்ளலுக்குத் தாய் எது? இலங்கையின் பைலா இசையே. பைலா என்பது நடனமாடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிற் பிறந்த பெயர். 1505ஆம் ஆண்டில் இத்தீவிற் கால்வைத்த போர்த்துக்கேயரும், அவர்க்குப் பின்வந்த ஐரோப்பியரும், ஆபிரிக்க மக்களை அடிமைகளாகவும் போர்வீரராகவும் இங்கே கொண்டுவந்தனர். அம்மக்களின் வழித்தோன்றல்கள் புத்தளப் பகுதியில் இன்றும் வாழ்கின்றனர். மான்ஜா எனப்படும் தம் முன்னோரின் பாட்டுகளை இன்றும் பாடுகின்றனர். போர்த்துக்கேயரின் பாட்டும் ஆபிரிக்கரின் தாளமும் கலந்து, எமது திஸ்ர நடையை ஒத்த ஒரு துள்ளுநடை உருவாயிற்று. 1940களிலே வாலி பஸ்டியன் என்னும் பொலிஸ் உத்தியோகத்தர் அதனைச் சிங்கள மக்களிடையே பரவச் செய்தார். பின்னர் அது எமது படலையையும் தட்டியது.

ஆதலின், கலியாண வீட்டிலே நாம் வேடிக்கையெனக் கேட்கும் பாட்டினுள்ளே, தாயகத்தினின்றும் பிரித்துக் கொணரப்பட்ட ஒரு மக்கட்கூட்டத்தின் நினைவு உறைந்து கிடக்கின்றது. இவ்வுண்மை புலப்பட்டபின், இதே கதை வேறெங்கேனும் நிகழ்ந்ததோ என்று தேடினோம். நிகழ்ந்தது, உலகின் மறுபுறத்திலே, மற்றொரு தீவிலே.

கிங்ஸ்ரன் நகரத்து ஏழைச் சிறுவர்

கரிபியன் கடலிலுள்ள ஜமேக்கா, இலங்கையின் ஆறிலொரு பங்கு பரப்பளவே கொண்ட தீவு. அங்கும் ஆபிரிக்கர் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டுக் கரும்புத் தோட்டங்களில் வருத்தப்பட்டனர். 1838ஆம் ஆண்டில் அவர்கள் முற்றாக விடுதலை பெற்றபின், 1845 முதல் 1917 வரை ஏறத்தாழ 36,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே சென்றனர். எமது மலையகத் தமிழரின் முன்னோர் பட்ட பாட்டை அறிந்தவர்க்கு அவர்கள் பாட்டையும் விரித்துரைக்க வேண்டியதில்லை.

1950களின் இறுதியில், அமெரிக்க வானொலியிற் கேட்ட இசையையும் மென்ரோ என்னும் தம் நாட்டுப் பாட்டையும் கலந்து, ஜமேக்கர் “ஸ்கா” என்ற துள்ளிசையைப் படைத்தனர். 1962ஆம் ஆண்டு ஒகஸ்ற் 6ஆம் நாள் அத்தீவு சுதந்திரம் பெற்றபோது தெருவெங்கும் ஒலித்தது இவ்விசையே.

இதனை வாசித்தவர்கள் யாவர்? இங்கேதான் எமது ஆசிரியர்களும் பெற்றோர்களும் கவனிக்கவேண்டிய செய்தியொன்று உண்டு. தலைநகராகிய கிங்ஸ்ரனிலே, கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய அல்பா சிறுவர் பாடசாலை என்றொரு கல்விக்கூடம் இருந்தது. ஏழைச் சிறுவர்களும் ஆதரவற்றவர்களுமே அங்கே பயின்றனர். அச்சிறுவர்க்குத் தொழிலோடு பாண்ட் வாத்தியமும் கற்பிக்கப்பட்டது. அருட்சகோதரி மேரி இக்னேசியஸ் அவர்கள் இசைத்தட்டுகளைச் சேகரித்துப் பிள்ளைகளுக்குக் கேட்பித்து, அவர்களை ஊக்கி வளர்த்தார். 1964ஆம் ஆண்டில் ஸ்கற்றலைற்ஸ் என்னும் புகழ்பெற்ற இசைக்குழு உருவானபோது, அதன் முன்னணிக் கலைஞருள் ரொமி மக்குக், டொன் டிரமண்ட், ஜொனி மூர், லெஸ்ரர் ஸ்ரேர்லிங் ஆகிய நால்வரும் அப்பாடசாலையின் பழைய மாணவரே. ஓர் அநாதைப் பிள்ளைக்கு எவரோ கொடுத்த ஊதுகுழல் ஒரு நாட்டின் குரலாயிற்று!

தாளத்தின் மருமம்

இவ்விசையின் துள்ளல் எங்கிருந்து வருகின்றது? சங்கீதம் பயிலும் மாணவர் இதனை எளிதில் உணர்வர். நான்கு எண்ணிக்கைக்குக் கைதட்டுக. ஒவ்வொரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவிலே, அரையிடந் தள்ளி, கிற்றார் “சக்” என்று வெட்டும். தட்டு விழும் இடத்திலன்றித் தட்டு விழாத இடத்திலே ஓசை எழுவதால், கேட்போர் கால் தானாகவே உயர்கின்றது. வேகமாக வாசித்தால் அது ஸ்கா. 1966 அளவில் அந்நடை தளர்ந்தது. 1968 அளவில் மேலும் மாறி “ரெகே” எனப் பெயர்பெற்றது. ரெகேயின் சிறந்த நடையொன்றிலே முதலாவது தட்டு வெறுமையாய் விடப்பட்டு, மூன்றாவது தட்டிலேயே முரசு விழும். அவ்வெறுமையே அதன் அழகு. தவில் தனியாவர்த்தனத்திலே வித்துவான் ஒரு கணம் கையைத் தூக்கி நிறுத்தும்போது சபை மூச்சடக்கி இருப்பதில்லையா? அவ்வின்பமே இது.

எங்கே தொடங்குவது?

இன்று கைத்தொலைபேசியிலே பெயரைத் தேடினால் உலகின் எவ்விசையும் வந்து நிற்கின்றது. ஆயின் கடலைக் காட்டி, “குடி” என்றால் எவன் குடிப்பான்? ஆதலின் ஒரு வரிசை கூறுகின்றோம்.

முதலில் ஸ்கற்றலைற்ஸ் குழுவைக் கேட்கலாம். அவர்கள் வாசித்தவற்றுட் பல வாத்திய இசையே, மொழி தடையாகாது. அம்மம்மாவும் பேரனும் ஒன்றாயிருந்து கேட்கலாம். அடுத்து, மில்லி ஸ்மோல் என்ற இளம் பெண் 1964ஆம் ஆண்டிற் பாடிய “மை போய் லொலிபொப்”. ஜமேக்காவின் துள்ளிசையை உலகுக்கு முதன்முதலில் அறிமுகஞ்செய்த பாட்டு அதுவே எனலாம். பின்னர் ரூற்ஸ் ஹிபேட் தலைமையிலான மேய்ற்றல்ஸ் குழு. ரெகே என்ற பெயரை 1968ஆம் ஆண்டிலே தம் பாட்டின் தலைப்பில் ஏற்றியவர்கள் அவர்களே. தேவாலயத்திலே உரத்துப் பாடிப் பழகிய குரல் அது. கேட்போர் சோர்வு நீங்கும்.

அதன்பின் பொப் மார்லி. 1945ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் நாள் ஒரு மலைக்கிராமத்திலே பிறந்த இவருடைய “திறீ லிற்றில் பேட்ஸ்” என்ற பாட்டு, 1977ஆம் ஆண்டில் வெளியான எக்ஸொடஸ் இசைத்தட்டில் உள்ளது. கவலைப்படாதே என்று குழந்தைக்குக் கூறுவதுபோன்ற எளிய பாட்டு. ஆனால் அவ்விசைத்தட்டு வெளிவருவதற்குச் சில மாதங்களின் முன், 1976 டிசெம்பர் 3ஆம் நாள், அவர் வீட்டினுள்ளே துப்பாக்கிதாரிகள் புகுந்து அவரையும் அவர் மனைவியையும் சுட்டுக் காயப்படுத்தினர். இரண்டு நாள் கழித்து, காயத்தோடு மேடையேறிப் பாடினார் மார்லி. 1978 ஏப்பிரல் 22ஆம் நாள் கிங்ஸ்ரனில் நடந்த சமாதான இசை விழாவிலே, ஒருவரையொருவர் பகைத்து நின்ற இரு கட்சித் தலைவர்களாகிய மைக்கல் மான்லியையும் எட்வேட் சியாகாவையும் மேடைக்கு அழைத்து, இருவர் கரங்களையும் தன் தலைக்குமேல் இணைத்துப் பிடித்தார். கட்சிப்பூசல் அதனால் தீர்ந்துவிடவில்லை. எனினும் ஒரு பாடகனால் அவ்வளவேனும் செய்ய முடிந்தது. அவர் 1981 மே 11ஆம் நாள் தமது 36ஆம் வயதில் மறைந்தார்.

கடல் கடந்து குடியேறிய ஜமேக்கர் இவ்விசையை இங்கிலாந்துக்கும் கொண்டு சென்றனர். 1979ஆம் ஆண்டளவில் கவென்றி நகரத்து ஸ்பெஷல்ஸ் குழுவிலே கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் நின்று ஸ்கா வாசித்தனர். அல்பா பாடசாலையிற் பயின்ற ரிக்கோ றொட்றிகஸ் தமது ட்ரொம்போனோடு அவர்களுக்குத் துணைநின்றார். இலண்டனின் மட்னெஸ் குழுவோ சிரிப்பூட்டுவதில் வல்லது. பள்ளிக்கூடக் குறும்புகளைக் கூறும் “பகி ட்றவுசேஸ்” என்ற 1980ஆம் ஆண்டுப் பாட்டு எம் மாணவர்க்குப் பிடிக்கும். ஸ்பெஷல்ஸ் குழு 1981 யூன் மாதத்தில் வெளியிட்ட “கோஸ்ற் ரவுண்” வேலையற்று வெறிச்சோடிய நகரைப் பற்றியது. அம்மாதத்தின் தொடக்கத்திலேதான் எமது யாழ்ப்பாணப் பொது நூலகம் சாம்பராய்க் கிடந்தது. வெறிச்சோடிய ஊர் எத்தகையது என்பதை எமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

ஆசியாவிலும் இவ்விசைக்குப் பிள்ளைகள் உண்டு. 1985ஆம் ஆண்டிலே தோன்றிய டோக்கியோ ஸ்கா பரடைஸ் ஓர்க்கெஸ்ற்றா, ஊதுவாத்தியங்கள் பல ஒருங்கே முழங்கும் பெருங்குழு. காலை வேலைக்கு உற்சாகந்தரும். 2009ஆம் ஆண்டிலே புதுடில்லியில் ஸ்கா வெஞ்சேஸ் தோன்றியது. இலங்கையிலே பிறந்து ஒஸ்திரியாவில் வாழ்ந்த இரட்டைச் சகோதரரின் ஜயசிறீ குழு, சிங்களத்திலே ரெகே பாடியது. தமிழரும் வாழும் மொரீசியஸ் தீவிலே கயா என்ற பாடகர், தம் நாட்டுச் செகா ஆட்டத்தோடு ரெகேயைக் கலந்து “செக்கே” என்ற புதிய இசையை ஆக்கினார்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை

நெல்லிலே பதரும் உண்டு. இவ்விசையைச் சார்ந்த பாட்டுகளுட் சில கஞ்சாவைப் புகழ்வன. பிற்காலத்தில் இதிலிருந்து கிளைத்தவற்றுட் சில, வன்செயலையும் ஆபாசத்தையும் பேசுவன. அதற்காகக் கதவை அடைத்தல் அறிவுடைமையாகாது. அடைத்த கதவுக்கு அப்பால் பிள்ளை தனியே கேட்பான். பெற்றோர் உடனிருந்து கேட்டு, நல்லதை நல்லதென்றும் தீயதைத் தீயதென்றும் எடுத்துரைப்பதே முறை.

இனி, அம்மாணவன் கேட்ட வினாவுக்கு வருவோம். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்ற போர் எமது மண்ணிலே துயர் புகாத வீட்டை விட்டுவைக்கவில்லை. சுவரிலே மாலையிட்ட படம் தொங்கும் வீட்டில், துள்ளிசையை ஒலிக்கவிடலாமோ என்று தயங்குவோர் பலர். அத்தயக்கம் மதிக்கத்தக்கது. ஆயின் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இத்துள்ளிசையைப் படைத்தவர்கள் துயரறியாத செல்வரல்லர். அடிமைப்பட்டோரின் பேரரும், அநாதைப் பிள்ளைகளும், சுடப்பட்டுப் பிழைத்தவர்களுமே. அழுது தீர்த்தபின் அவர்கள் ஆடவில்லை. அழுதுகொண்டிருக்கையிலேயே, அழுகைக்கு அடிமையாகாதிருக்கவே ஆடினர். 2018 நவெம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் ரெகேயை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

ஆதலின் மாணவனே, அழவைக்கும் பாட்டும் ஆடவைக்கும் பாட்டும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள். அவற்றுள் உயர்வு தாழ்வு கிடையாது. உன் பாடசாலைப் பாண்ட் வாத்தியக்குழு, விளையாட்டுப் போட்டி நாளன்று அணிநடைக்கு மட்டும் வாசித்துவிட்டு, ஆண்டின் எஞ்சிய நாட்களில் ஊதுகுழல்களை அலுமாரியிற் பூட்டி வைக்கின்றதா? ஆசிரியரிடம் அனுமதி பெற்று, தோழரோடு அமர்ந்து, “சின்ன மாமியே” பாட்டை ஒருமுறை அரையிடந் தள்ளி வாசித்துப் பார். வீட்டிலே தாத்தாவிடம் அவர் இளமையிற் கேட்ட பொப்பிசைப் பாட்டுகளின் பெயர்களைக் கேட்டு எழுதி வை. பழைய இசைத்தட்டோ ஒலிநாடாவோ இருந்தால் கறையான் அரிக்கும்முன் எடுத்துப் பதிவுசெய். உரும்பிராய்க்கும் கிங்ஸ்ரனுக்கும் இடையே கிடக்கும் கடல் பெரிதுதான். ஆயினும் தாளம் அதனை முன்னரே கடந்துவிட்டது. அதைப் பின்தொடர வேண்டியவர்கள் நாமே.